தொட்டியா, மார்க்கெட்டா, கடற்கரையா: மும்பையில் பிள்ளைக்கு மீனைக் காட்ட எது சரி?

போன வருஷம் ஜூன் கடைசியில் என் மகள் பள்ளிக்கூடத்துக்காக ஒரு மீன் வரைந்தாள். ஆரஞ்சு நிறம், சிரித்த வாய், மேல்நோக்கி வளைந்த இமை முடி நாலு. மூன்றாம் வகுப்பு. படத்துக்குக் கீழே மீனின் பண்புகள் ஐந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். 'மீன் தண்ணீரில் வாழும்' என்று முதல் வரி எழுதியிருந்தாள். இரண்டாவது வரி, 'மீன் அழகாக இருக்கும்'. மூன்றாவதுக்குப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ஏட்டி, மீனுக்கு ஏது இமை?" என்றார். அம்மாவுக்குத் தூத்துக்குடி. மீன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஆச்சி, அப்ப அது எப்படித் தூங்கும்?" என்று கேட்டாள் மகள்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் மீன். அதைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஒரு முழு மீனைக் கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை. செம்பூர் ஃப்ளாட்டில் போனைத் தட்டினால் கழுவி, துண்டு போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அவளுக்கு மீன் என்றால் நடுவில் முள் இருக்கிற வெள்ளைத் துண்டு. இல்லையென்றால் கார்ட்டூனில் பேசுகிற ஆரஞ்சு ஆசாமி. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

அதிலிருந்து ஒரு வருஷத்தில் தொட்டி, மார்க்கெட், கடற்கரை மூன்றையும் முயன்று பார்த்துவிட்டோம். இதே யோசனையில் இருக்கிற மற்ற அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு மீன் மார்க்கெட்டுக்கு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவராது. எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொட்டி

எல்லோரையும் போல நானும் முதலில் போனது தொட்டிக்குத்தான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர், விளக்கு, கூழாங்கல் எல்லாம் சேர்த்து எனக்கு 3,400 ரூபாய் ஆனது. கடைக்காரர், "இன்னிக்கே மீன் போடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று பத்து மீனைப் பையில் கட்டிக் கொடுத்தார். நாலு கோல்டுஃபிஷ், மீதி கப்பி.

ஆறே நாளில் ஏழு செத்தன.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. தீனியும் போட்டோம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மீன் கழிக்கிற கழிவிலிருந்தும், செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியே வருகிறது. அது மீனுக்கு விஷம், கண்ணுக்கும் தெரியாது. அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் உண்டு. அவை ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு. ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்தோ, கடையில் விற்கிற குளோரின் நீக்கிச் சொட்டு விட்டோ அதைப் போக்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

செத்த மீன்களை மகள் பால்கனியில் மணிபிளான்ட் தொட்டியில் புதைத்தாள். பிழைத்த மூன்றையும் மாடி வீட்டு அண்ணனின் பழைய தொட்டிக்கு அனுப்பினோம். தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, ஐந்து வாரம் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தோம். பிறகு ஐந்தே ஐந்து கப்பி. இரண்டு ஆண், மூன்று பெண். இந்த முறை குர்லாவில் ஞாயிறு காலை கூடுகிற வண்ணமீன் சந்தைக்குப் போய், அரைமணி நேரம் நின்று பார்த்து வாங்கினோம். (அங்கே கண்ணாடி போன்ற உடம்பில் பச்சை, ரோஸ் கலரில் கோடு போட்டாற்போல மீன் இருந்தால் வாங்காதீர்கள். ஊசியால் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு.)

தொட்டி சொல்லிக் கொடுத்ததை வேறு எதுவும் சொல்லிக் கொடுத்திருக்காது. உயிருள்ள மீன் என்ன செய்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். மீன் ஏன் எப்போது பார்த்தாலும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, தாகமா என்று மகள் கேட்டாள். கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்க்கச் சொன்னேன். வாய் மூடும்போது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறக்கிறது. வாய் வழியாகப் போன தண்ணீர் செவுளைத் தடவிக்கொண்டு அந்தக் கதவு வழியாக வெளியே வருகிறது. போகிற வழியில் தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவைச் செவுள் உறிஞ்சிக்கொள்கிறது. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை கதவு திறக்கிறது என்று எண்ணினாள். ஏப்ரல் வெயிலில் மறுபடி எண்ணியபோது எண்ணிக்கை ஏறியிருந்தது. தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும், மீனின் உடம்போ இன்னும் அதிகம் கேட்கும். அதை நான் சொல்வதற்கு முன்னால், "அப்பா, இதுக்கு மூச்சு வாங்குது" என்று அவளே சொல்லிவிட்டாள்.

தூக்கத்துக்கும் விடை கிடைத்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள் என்னை எழுப்பிக் காட்டினாள். ஐந்தும் அடியில், கண்ணைத் திறந்தபடி அசையாமல் நின்றன. நிறம்கூடக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

கப்பி முட்டை போடாது, குட்டிதான் போடும். ஒரு காலையில் கூழாங்கல் இடுக்கில் கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற மாதிரி பதினாலு குஞ்சு. சாயங்காலம் ஒன்பது. மீதியைத் தாயே தின்றுவிட்டது என்று சொன்னபோது மகள் அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே பாசிச்செடி வாங்கிப் போடச் சொன்னாள், ஒளிந்துகொள்ள.

கோல்டுஃபிஷுக்கு மூன்று வினாடிதான் ஞாபகம் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது சுத்தப் பொய். பழக்கினால் மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். எங்கள் கப்பிகளே இரண்டு வாரத்தில் மூடியைத் தொட்டதும் மேலே வரப் பழகிவிட்டன. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைக் கோல்டுஃபிஷ் வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஒழுங்காக வளர்ந்தால் அது ஒரு சாண் நீளம் வரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். கிண்ணத்தில் அது செத்துப்போகிற விதத்தைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தொட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, வேலை. ஒவ்வொரு ஞாயிறும் கால்வாசித் தண்ணீரை மாற்ற அரைமணி நேரம் ஆகிறது. அது என் தலையில்தான். இரண்டு, மே மாதம். மும்பைத் தமிழர்கள் பாதிப் பேர் மூன்று வாரம் ஊருக்குப் போய்விடுவோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போனேன். இல்லையென்றால் பாவம் பார்த்துக் கைநிறையப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள். மூன்று, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது தொட்டியோடு மாறுவது பெரும்பாடு. அப்போது சிலர் மீனை ஏரியிலோ சாக்கடைக் கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கிய சக்கர் மீன் அப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய குறை, ஒன்றரை அங்குலக் கப்பியை வைத்து எவ்வளவு சொல்லித் தர முடியும் என்பது. செவுளைத் திறந்து பார்க்க முடியாது. செதிலை எடுத்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். மீன் இனம் முப்பத்து நாலாயிரத்துக்கும் மேல். அதில் எத்தனை விதமான வாய், வால், தோல் என்று தொட்டியில் தெரியாது.

மார்க்கெட்

நாரளி பௌர்ணமி கழிந்த ஞாயிறு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மும்பையின் பூர்வீக மீனவர்களான கோலிகள் இந்தப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்டுப் பூஜை செய்த பிறகுதான் வழக்கப்படி தொழிலைத் தொடங்குவார்கள். அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து மார்க்கெட் களைகட்டும். அம்மா, மகள், நான் மூன்று பேரும் காலை ஏழரைக்குப் போனோம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். ஐந்து நிமிஷத்தில் கையை எடுத்துவிட்டாள்.

எங்களுக்கு வழக்கமாக மீன் விற்கிற மாவ்ஷி (மராத்தியில் சித்தி) பலகையில் உட்கார்ந்து காலடியில் அரிவாள்மனையை வைத்திருந்தார். அம்மாவுக்கு மராத்தி வராது, மாவ்ஷிக்குத் தமிழ் வராது. இருபது வருஷமாக இரண்டு பேரும் பேரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஆளுக்கொரு பெயர். மாவ்ஷி பாங்டா என்றால் அம்மா அயிலை என்பார். சுர்மை அம்மாவுக்குச் சீலா. சென்னையிலிருந்து வந்த எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்காரருக்கு அதுவே வஞ்சிரம். தார்லி என்றால் சாளை. பாப்லெட் என்றால் வாவல். 2023-ல் மகாராஷ்டிரா அதை மாநில மீனாக அறிவித்தது. போம்பில் மட்டும் அம்மாவுக்கு இன்று வரை ஒப்பவில்லை. "இது மீனா, கஞ்சியா?" என்பார், அதன் சதை அவ்வளவு குழைவு.

நாங்கள் கேட்டது எளிது: விதத்துக்கு ஒன்றாக ஐந்து மீன், வெட்டாமல். மாவ்ஷி சிரித்தார். மகளைப் பார்த்து, "ஹாத் லாவ், காய் நாய் ஹோத்" என்றார். தொடு, ஒன்றும் ஆகாது.

முதலில் தொட்டது அயிலை. பிடித்ததும் கையிலிருந்து வழுக்கிப் பலகையில் விழுந்தது. "கழுவுற மீனில் நழுவுற மீன்னு சொல்லுவோம்ல, அது இதுதான்" என்றார் அம்மா. அந்த வழவழப்பு அழுக்கில்லை. மீனின் தோலே சுரக்கிற கோழை. கிருமி ஒட்டாமல் காக்கும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகவும் உதவும். பழமொழியைப் பல தடவை கேட்ட எனக்கே அன்றைக்குத்தான் அதில் ஒரு பாடம் இருப்பது தெரிந்தது.

அயிலையின் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கிற பறவைக்கு அது கடலின் கருமையோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். அம்மா செவுள் மூடியை விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. வாங்குகிறவருக்கு அது புது மீன் என்பதற்கு அடையாளம். மகளுக்கு, தொட்டியில் திறந்து மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்குப் பதில். மூச்சு விடுகிற இடம் என்பதால்தான் அங்கே அவ்வளவு ரத்தம்.

"வாயைத் திறந்து பாரு" என்றேன். அயிலையின் வாய்க்குள் பறவை இறகு போல நீண்ட இழைகள் நெருக்கமாக நிற்கும். தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை அது சல்லடை போட்டுச் சாப்பிடுகிறது. அடுத்து போம்பில். உடம்புதான் கஞ்சி, வாயோ காது வரை கிழிந்தது, உள்பக்கமாக வளைந்த ஊசிப் பற்கள். உள்ளே போனது வெளியே வராது. "இது கெட்ட மீன், அது நல்ல மீன்" என்றாள் மகள். திருத்தவில்லை. வாயைப் பார்த்தே சாப்பாட்டைச் சொல்லலாம் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

அன்றைக்கு அவள் மறக்காதது நாக்கு மீன். மாந்தல் என்றும் சொல்வோம், இங்கே லேபா. செருப்பின் அடிப்பாகம் போலத் தட்டை. திருப்பினால் ஒரு பக்கம் வெளுப்பு, கண்ணே இல்லை. இரண்டு கண்ணும் மறுபக்கத்தில். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்துவிடும். மீனும் மணலில் ஒருக்களித்துப் படுத்துவிடும். நான் கதை விடுகிறேன் என்று நினைத்தாள். மாவ்ஷியிடம் கேட்டாள், அவரும் தலையாட்டிய பிறகுதான் நம்பினாள்.

மோரி என்கிற சின்னச் சுறாவை நாங்கள் வாங்கவில்லை. சுறா இனங்கள் பல குறைந்துகொண்டே வருகின்றன, சிலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தொட்டுப் பார்க்க மட்டும் கேட்டோம். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழவழப்பு. திருப்பித் தடவினால் உப்புக் காகிதம். அதன் செதில் பல்லின் அமைப்புக் கொண்டது. எலும்பும் கிடையாது, நம் காது மடலில் இருக்கிற மாதிரி குருத்தெலும்புதான். செவுளுக்கு மூடி இல்லை, வரிசையாகக் கீறல்கள்.

மீதிப் பாடம் வீட்டுச் சிங்க்கில். ரோகுவின் செதில் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஊசியால் புள்ளி வைத்தாற்போல ஒரு கோடு. அந்தத் துளைகள் வழியாகத்தான் மீன் தண்ணீரின் அசைவை உணர்கிறது. கூட்டமாகப் போகும்போது ஒன்றோடொன்று முட்டாமல் திரும்புவதற்கும் அது துணை. வயிற்றைக் கீறியதும் வெள்ளைப் பலூன் ஒன்று வெளியே வந்தது. அம்மா அதை நெட்டி என்றார். காற்றுப்பை. அதில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் மீன் மேலேயும் இல்லாமல் கீழேயும் போகாமல் நடுத்தண்ணீரில் நிற்கிறது. ரோகுவுக்கு அது இரண்டு அறை. சுறாவுக்கு அந்தப் பையே இல்லை, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது. மகள் நெட்டியை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அமுக்கி அமுக்கி விட்டாள். மேலே மேலே வந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

கடைசியாகக் கத்தாழை, மாவ்ஷி தோமா என்பார். குழம்பில் வெந்த தலையை அம்மா பக்குவமாகப் பிளந்து, அரிசிப்பல் மாதிரி இரண்டு வெள்ளைக் கல்லை எடுத்து மகள் கையில் வைத்தார். காதுக்கல். மீனுக்கு வெளியே காது தெரியாது, உள்ளே உண்டு. கேட்பதற்கும் நிலைகுலையாமல் நீந்துவதற்கும் அந்தக் கல் வேண்டும். மரத்தில் போல அதிலும் அடுக்கடுக்காக வளையம் விழும். அதை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர்கள் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். கத்தாழை இனத்துக்கு அந்தக் கல் பெரிது. நெட்டியைத் தசையால் அதிர வைத்துச் சத்தமும் போடும். அந்த இரண்டு கல்லும் இப்போது அவள் பென்சில் டப்பாவில் இருக்கின்றன.

செலவு என்று பார்த்தால், அந்த வாரம் சாப்பிட வாங்கியிருக்கிற மீன்தான். குறை என்ன? எல்லாம் செத்த மீன். நீந்துவதும் மூச்சு விடுவதும் இதில் இல்லை. ரத்தம், குடல் பார்த்துப் பயப்படுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கூட்டம் ஏறிய பத்து மணிக்குப் போனால் எந்த மாவ்ஷிக்கும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்க நேரம் இருக்காது.

கொலாபாவில் 1875-லிருந்து இயங்குகிற சஸூன் டாக்குக்கு விடியற்காலை ஏலம் பார்க்கவும் ஒரு முறை போனோம். பெரியவர்களுக்கு அது அருமையான இடம். எட்டு வயசுப் பிள்ளைக்கு, வழுக்குகிற தரையும் கூடை தூக்கி ஓடுகிறவர்களின் அவசரமும்தான் மிஞ்சும். பக்கத்து மார்க்கெட்டே போதும்.

கடற்கரை

மீன் மார்க்கெட் பக்கமே போகாத வீடுகள் நம்மில் நிறைய. எங்கள் மேல்மாடி மாமி வீடு அப்படித்தான். அவர்கள் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. அவனுக்காக யோசித்துப் போனதுதான் கடற்கரை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் கடல் நன்றாக உள்வாங்கும். பெரும்பாலும் காலை ஆறு மணிவாக்கில். கோலிகள் அதை ஓஹோட்டி என்பார்கள். அந்த நேரத்தில் ஹாஜி அலி, பாந்த்ரா கார்ட்டர் ரோடு பக்கத்துப் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். நகரத்துக் கழிவு கலக்கிற கடல்தான். ஆனாலும் அந்தக் குட்டைகளில் கடல் சாமந்தி, நண்டு, சங்கு, விரல் நீள மீன்கள் எல்லாம் உண்டு. 2017-லிருந்து 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்கிற குழு பொதுமக்களை இப்படி அழைத்துப் போய்க் காட்டி வருகிறது. முதல் தடவை தெரிந்தவர்களோடு போவதே நல்லது. தனியாகப் போனால் நாங்கள் பாதியைக் கவனித்திருக்கவே மாட்டோம்.

இதில் மீன் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மீன் அல்லாதது எது என்பதற்கு இதைப்போல இடம் கிடையாது. தமிழில் நட்சத்திர மீன் என்கிறோம், ஜெல்லிமீன் என்கிறோம். இரண்டும் மீன் இல்லை. பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி கொடுத்தேன்: முதுகெலும்பு உண்டா, செவுளால் மூச்சு விடுகிறதா, துடுப்பு இருக்கிறதா? ஜெல்லிக்கு மூன்றுக்கும் இல்லை. திமிங்கிலம் முதல் கேள்வியில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். அது மேலே வந்து மூச்சு விடும். பைகுல்லா மிருகக்காட்சிசாலையில் பெங்குயினைப் பார்த்திருந்த மாமி பையன், "அது பறவை, நீந்தினாலும் பறவைதான்" என்று அவனே தீர்ப்புச் சொன்னான். விலாங்கும் கடல்குதிரையும் பார்த்தால் மீன் மாதிரி இல்லை, ஆனால் மூன்றிலும் பாஸ்.

மும்பையை ஒட்டிய தானே ஊரின் கழிமுகத்துச் சேற்றில் நிவ்டியைப் பார்த்த அன்று அந்தக் கேள்விகளே ஆட்டம் கண்டன. தவளை மாதிரி கண்ணைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, பக்கத் துடுப்பை ஊன்றி, சேற்றில் நடக்கிற மீன் அது. செவுள் அறையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தண்ணீரை விட்டு எடுத்தால் மீன் செத்துவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

எதையும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, கல்லைத் திருப்பினால் திருப்பிய மாதிரியே வைக்க வேண்டும். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். அலை ஒரு பக்கம். ஜுஹு மணலில் நீலப் பலூன் போலக் கிடக்கிற புளூபாட்டில் இன்னொரு பக்கம். ஒதுங்கிக் கிடந்தாலும் கொட்டும்.

மற்றவை

நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரே பதில் மரைன் டிரைவில் 1951-ல் திறந்த தாராபோர்வாலா மீன்காட்சியகம். இருட்டு நடையில் ஜன்னல் ஜன்னலாக மீன் தெரியும். 2015-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், 2020-ல் கொரோனாவுக்கு மூடினார்கள், அதோடு போயிற்று. சென்னைக்குப் போகிறவர்கள் ஈசிஆர் பக்கம் சுரங்கப்பாதை வைத்த காட்சியகத்தைக் காட்டலாம். பிள்ளை வாய்பிளந்து பார்க்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் நூறு மீனைக் கடந்துபோனால் கடைசியில் நினைவிருப்பது சுறாவும் ஐஸ்கிரீமும்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

படப் புத்தகம், வீடியோ எல்லாம் முதலில் காட்டுவதை விட, பார்த்துவிட்டு வந்த பிறகு காட்டினால் பலன் அதிகம். நாக்கு மீனின் கண் நகர்வதை வீடியோவில்தான் பார்க்க முடியும். மார்க்கெட்டுக்குப் போகாமல் அதைக் காட்டியிருந்தால் மற்ற கார்ட்டூனோடு அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். சுவரில் மாட்டுகிற அட்டைகளில் மட்டும் கவனம் வேண்டும். நாங்கள் வாங்கியதில் மீன் வரிசையில் டால்பின் இருந்தது. மகள் மார்க்கரால் அடித்துவிட்டாள்.

எந்த வீட்டுக்கு எது

ஐந்து வயசுக்குக் கீழே என்றால் மார்க்கெட்டில் அரைமணி நேரம் போதும், தொட்டி வேண்டாம். அது உங்களுக்குத்தான் வேலை. ஏழு, எட்டுக்கு மேல், பிள்ளைக்குப் பொறுமை உண்டு, வீட்டில் ஒருவருக்கு ஞாயிறு காலை உண்டு என்றால் தொட்டி வைக்கலாம். சைவ வீட்டுக்குத் தொட்டியும் கடற்கரையும் சேர்ந்தால் நிறைவு. வெட்டிப் பார்க்கிற பாடம் மட்டும்தான் விடுபடும், அதை வீடியோ ஓரளவு ஈடுகட்டும். வாடகை வீடு, வருஷா வருஷம் மாற்றம், மேயில் ஒரு மாதம் ஊர் என்று இருப்பவர்கள் தொட்டியை மறந்துவிட்டு மாதம் ஒரு மார்க்கெட் காலையை வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி தொடங்கச் சொன்னால் நான் இப்படிச் செய்வேன். ஊரிலிருந்து திரும்பி, பள்ளி திறக்கிற ஜூனில் வெறும் தொட்டியை மட்டும் ஓடவிடுவேன். மார்க்கெட்டிலும் அப்போது ஐஸில் வந்த வெளியூர் மீன்தான் அதிகம், போவதில் சுவாரஸ்யம் இல்லை. பாக்டீரியா பெருகி ஜூலை கடைசியில் தண்ணீர் தயாராகும், ஐந்து கப்பி வரும். ஆகஸ்டில் தடை விலகி, மாவ்ஷி பலகையில் புது மீன் வந்துவிடும். தொட்டியில் கதவு திறந்து மூடுவதைப் பார்த்த கையோடு மார்க்கெட்டில் அந்தக் கதவைத் தூக்கிப் பார்க்கலாம். நவம்பர், டிசம்பர் பௌர்ணமிகளில் ஒன்றைக் கடற்கரைக்கு ஒதுக்கலாம்.

இந்த ஜூனில் மேல்மாடி மாமி வீட்டில் தொட்டி வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் அங்கேயும், "இன்னிக்கே போடலாம்" என்றாராம். என் மகள் போய், ஐந்து வாரத்துக்கு அப்புறம் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.